பழுதுற்ற படகைப் புதுக்குதல்

ஓய்வு நேரத்தைப் பயனுறக் கழிப்பதற்கு வழிகள் பல உண்டு. தோட்டம் இடுவோர் உளர். அஞ்சல் தலை சேர்ப்போர் உளர். வயது சென்றபின் வீணை பயிலத் தொடங்குவோரும் உளர். இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது அத்துணைப் பழக்கமான பொழுதுபோக்கு அன்று. பிறர் பயனற்றதெனக் கழித்துவிட்ட பழைய கண்ணாடியிழைப் படகு ஒன்றை வாங்கி, அதன் பழுதுகளைக் கண்டறிந்து சீராக்கி, மீண்டும் நீரில் மிதக்கவிடும் வேலையைப் பற்றியே பேசப்போகிறேன். மத்திய அரசு அலுவலகமொன்றில் மொழிபெயர்ப்பாளனாகப் பணிபுரிபவன் நான். தச்சு வேலையையோ பொறியியலையோ முறையாகக் கற்றவன் அல்லேன். ஆகவே, பொறுமையும் ஞாயிற்றுக்கிழமைகளும் உடைய எவரும் இவ்வேலையில் இறங்கலாம் என்று நேயர்கள் துணிந்து நம்பலாம்.

தமிழகத்தை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் நம்மில் பலர் நீர்நிலைகளை அடுத்த நகரங்களிலேயே குடியிருக்கிறோம். ஐதராபாத்தில் உசேன் சாகர் இருக்கிறது. போபாலில் பெரிய ஏரி இருக்கிறது. புனேக்கு அருகே கடக்வாஸ்லா இருக்கிறது. மும்பைக்கோ கடலும் கழிமுகங்களும் சுற்றிலும் உள்ளன. படகு விடும் இத்தகைய இடங்களில் கொட்டகைகளின் பின்புறம் சென்று பார்த்தால், புல் மூடி, மழைநீர் தேங்கி, கொசுவுக்குப் பிறப்பிடமாய்க் கிடக்கும் பழைய படகு ஒன்றேனும் கண்ணில் படும். இரும்பாயிருந்தால் பழைய சாமான் வாங்குகிறவன் எடைபோட்டு எடுத்துப் போயிருப்பான். மரமாயிருந்தால் அடுப்புக்கு ஆகியிருக்கும். கண்ணாடியிழைக்கு அந்தப் பாக்கியம் இல்லை. உருக்கி வார்க்க முடியாது, புதைத்தால் மக்காது, கொளுத்தினால் நச்சுக் கரும்புகை எழும்பும், எரிந்தபின் கண்ணாடி நார் அப்படியே மிஞ்சும். எனவே அது கிடக்கிறது.

இதனை முதலில் நன்கு புரிந்துகொள்ள வேண்டும். உருக்கிய கண்ணாடியைத் தலைமயிரினும் பன்மடங்கு மெல்லிய இழைகளாக இழுத்து, ரெசின் என்னும் பிசினில் தோய்த்து இறுகவிட்டால் கிடைப்பதே இப்பொருள். மண்சுவர் எழுப்பும்போது மண்ணோடு வைக்கோலைக் கலந்து மிதிப்பார்கள் அல்லவா? அதே தத்துவந்தான். இழுவிசையை இழை தாங்குகிறது. இழையை அதன் இடத்தில் பிசின் பிடித்து வைக்கிறது. இவ்விழையைப் பேரளவில் உற்பத்தி செய்யும் முறை 1930-களில் அமெரிக்காவில் உருவாயிற்று. 1942-இல் ஓஹையோ மாநிலத்தைச் சேர்ந்த ரே கிரீன் என்பவர் பாலியெஸ்டர் பிசினையும் கண்ணாடியிழையையும் கொண்டு ஒரு சிறு படகைச் செய்தார். அது முதல் உலகெங்கும் சிறு படகுகளில் மரத்தின் ஆட்சி மெல்ல மெல்லத் தளர்ந்தது. மரப்படகில் பலகைக்கும் பலகைக்கும் இடையே பொருத்து உண்டு. அப்பொருத்தில் பஞ்சைத் திணித்துக் கலப்பத்து அடிக்க வேண்டும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்கவும் வேண்டும். கண்ணாடியிழைப் படகோ ஒரே அச்சில் எடுத்த ஒரே ஓடு. அதற்குப் பொருத்து இல்லை. ஆகையால் கலப்பத்தும் இல்லை. அகராதியில் இருக்கும் அணியம், அமரம், வங்கு, ஏரா முதலிய சொற்களைப் பார்க்குந்தோறும் மகிழும் எனக்கு, அவற்றுள் ஒன்று இப்படித் தொழிலிழந்தது குறித்துச் சிறிது வருத்தமும் உண்டு.

நம் தமிழகக் கரையிலும் கட்டுமரம் கிடந்த மணலில் இன்று ‘பைபர்’ படகுகளே பெரும்பாலும் வரிசையாய் நிற்கின்றன. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்து ஓய்ந்தபின், மீனவர்களுக்கு ஆயிரக்கணக்கில் வழங்கப்பட்டவை இவையே. அவ்வவசரத்தில் கட்டப்பட்டவற்றுள் தரங்குறைந்தனவும் கலந்திருந்தன என்பதை ஐக்கிய நாடுகளின் உணவு, வேளாண்மை நிறுவனமே எடுத்துக் காட்டிற்று. மேற்பூச்சைப் பார்த்து ஓட்டின் கனத்தை அறிய முடியாது என்பதே அதில் நாம் கவனிக்க வேண்டியது. நன்றாகக் கட்டப்பட்ட ஓட்டின் ஆயுளோ வியப்புக்குரியது. 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கடலோரக் காவல் படைக்கென 40 அடி நீளக் கண்ணாடியிழைப் படகுகள் கட்டப்பட்டன. அவற்றுள் ஒன்றின் ஓட்டிலிருந்து 10 ஆண்டு கழித்தும், 20 ஆண்டு கழித்தும் துண்டுகளை அறுத்தெடுத்துச் சோதித்தார்கள். வலிமை பெரிதும் குறைந்திருக்கவில்லை. நம் தரைப்படையின் பொறியாளர் பிரிவினர் 1985-இல் புறப்பட்டு 1987-இல் உலகைச் சுற்றி முடித்த ‘திரிஷ்ணா’ என்ற 37 அடிப் பாய்க்கலமும் கண்ணாடியிழையால் ஆனதே.

அப்படியானால் பழைய படகில் கெட்டுப்போவது எது? ஓட்டுக்குள் மறைந்திருக்கும் மரம் கெடுகிறது; திருகாணி துருவேறுகிறது; மிதவைக்காக வைத்த நுரைக்கட்டி நீரை உறிஞ்சிக் கனக்கிறது; மூடியின் ரப்பர் வெடிக்கிறது. சுருங்கச் சொன்னால், கண்ணுக்குத் தெரியும் பகுதி பிழைத்திருக்கிறது; தெரியாத பகுதி மாண்டுபோகிறது. இதை அறியாமல் பலர் வண்ணப் பூச்சிலிருந்து வேலையைத் தொடங்குகிறார்கள். வண்ணம் இவ்வேலையில் கடைசி வரிசையில் நிற்க வேண்டியது.

நான் வாங்கிய படகு ‘எண்டர்பிரைசு’ வகுப்பைச் சேர்ந்தது. ஆங்கிலேயரான ஜாக் ஹோல்ட் என்பவர் 1956-இல் இதனை வடிவமைத்தார். நீலநிறப் பாய் இவ்வகுப்பின் அடையாளம். நீளம் 4 மீட்டருக்குச் சற்று மேல். பாய்மரம் முதலியன நீங்கலாக உடலின் எடை 94 கிலோ. இருவர் ஏறிச் செலுத்தலாம். முதலில் ஒட்டுப்பலகையால் கட்டப்பட்ட இப்படகு, பிற்காலத்தில் கண்ணாடியிழையிலும் செய்யப்பட்டது. ஒரு கழகத்தார் கழித்துவிட்ட இதனைச் சரக்கு வண்டியில் ஏற்றி, நவி மும்பையில் பேலாப்பூரை அடுத்த திவாளே கோலிவாடாவுக்குக் கொண்டு சென்றேன். அங்கே முதியவர் ஒருவர் தம் கொட்டகையில் ஒரு மூலையை ஒதுக்கிக் கொடுத்தார். கோலி மீனவர், நாற்பது ஆண்டுகளாகப் படகு செப்பனிடுபவர். நான் அவரைத் ‘தாதா’ என்பேன். தென்னாட்டவரை மும்பையினர் அழைக்கும் வழக்கப்படி அவர் என்னை ‘அண்ணா’ என்பார். வாடகை வாங்க மறுத்துவிட்டார். அவருடைய பேரனுக்கு வாரந்தோறும் ஒரு மணி நேரம் ஆங்கிலம் சொல்லித் தருவதென்று எங்களுக்குள் ஏற்பாடு.

வேலையின் முதற்படி தட்டிப் பார்ப்பது. நம் ஊர்ச் சந்தையில் பானை வாங்கும் பெண்கள் விரலை மடக்கி ஒருமுறை தட்டுவார்கள். ஓசையைக் கொண்டே கீறலை அறிந்துவிடுவார்கள். படகுக்கும் அதுவே சோதனை. கனமான நாணயம் ஒன்றினாலோ சிறு சுத்தியலின் பின்புறத்தாலோ கையகலம் கையகலமாக ஓடு முழுவதையும் தட்டிச் செல்ல வேண்டும். நலமான இடம் ‘டக்’கென்று தெளிவாக ஒலிக்கும். உள்ளே அடுக்கு பிரிந்திருந்தாலும், மரம் உளுத்திருந்தாலும், நீர் புகுந்திருந்தாலும் ‘தொப்’பென்று மந்தமாகக் கேட்கும். அவ்விடத்தைக் கரித்துண்டினால் வட்டமிட்டுக் கொள்ள வேண்டும். அமைதியான காலை வேளையே இதற்கு ஏற்றது. பதினான்கு வயதான என் மகள் இவ்வேலையில் என்னைக் காட்டிலும் வல்லவளாக இருந்தாள். இசை பயில்கின்ற காது!

எங்கள் படகில் மூன்று இடங்களில் வட்டம் விழுந்தது. பாய்மரம் ஊன்றும் அடித்தளம் ஒன்று. சென்டர்போர்டு என்னும் நடுப்பலகை இறங்கும் கூடு, அடித்தளத்தோடு சேரும் ஓரம் மற்றொன்று. இவ்விரண்டும் எதிர்பார்த்தவையே, இவ்வகைப் படகில் பாரமெல்லாம் அங்குதான் வந்து விழும். மூன்றாவது இடமோ அணியத்துக்கு அருகில், வலப்பக்கத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே, பார்வைக்கு மாசு மறுவற்று மின்னிய பகுதி. மகள் அங்கே தட்டிவிட்டு, “அப்பா, இங்கே களிமண்ணைத் தட்டுவது போலக் கேட்கிறதே” என்றாள். உளியால் பூச்சைச் சுரண்டினோம். கையகலத் துளை ஒன்று இருந்தது. எப்போதோ எங்கோ மோதி உடைந்த அவ்விடத்தை எவரோ மோட்டார்க் கார்களுக்குப் பூசும் பட்டியினால் அடைத்து, தேய்த்து, வண்ணம் பூசி மறைத்திருந்தார்கள். பட்டி வடிவத்தைத் தருமேயன்றி வலிமையைத் தராது. இழையில்லாத வெறும் பிசின்மா அது. நடுநீரில் ஓர் அலை அறைந்தால் பெயர்ந்து விழக்கூடியது. பழுதைக் காட்டி விற்கிறவனிடம் எனக்குக் கோபமில்லை. பழுதின்மேல் அழகு பூசி விட்டுச் சென்றவரை நினைத்தால், அதில் ஏறக்கூடிய பிள்ளைகளை அவர் ஒருகணமேனும் எண்ணிப் பார்த்திருப்பாரா என்று கேட்கத் தோன்றுகிறது. “பிழை திருத்துவது உங்கள் வேலைதானே, அண்ணா?” என்று தாதா சிரித்தார். மூலத்தின் பொருள் பிடிபடாத இடங்களில் அழகிய சொற்றொடரைப் போட்டு நிரப்பிய மொழிபெயர்ப்புகளை நானும் அலுவலகத்தில் கண்டதுண்டு.

அன்றே மகளிடம் ஒன்றைச் சொல்லி வைத்தேன். இப்படகு நீரால் நிரம்பியும் மூழ்காது நிற்கும் என்று கண்ணால் கண்ட பிறகே அவள் இதில் பாய்விரித்துச் செல்லலாம். அவள் முகம் சிறிது வாடிற்று. ஆயினும் மறுத்துப் பேசவில்லை.

இனிச் செப்பனிடும் முறையைச் சொல்கிறேன். சிறு படகுகளுக்குப் பெரும்பாலும் பயன்படுவது பாலியெஸ்டர் ரெசின். நம் நாட்டுக் கடைகளில் இதனோடு இரண்டு சிறு புட்டிகள் தனித்தனியே தருவார்கள். ஒன்று கோபால்ட்டு என்று தொழிலாளர் சொல்லும் ஊதாநிற நீர்மம். மற்றொன்று கேட்டலிஸ்ட் என்று அழைக்கப்படும் நிறமற்ற நீர்மம். மெத்தில் எத்தில் கீட்டோன் பெராக்சைடு என்பது அதன் முழுப்பெயர். நேயர்கள் இதனைக் கூர்ந்து கேட்க வேண்டுகிறேன். இவ்விரண்டையும் ஒன்றோடொன்று நேராகக் கலக்கவே கூடாது. கலந்தால் தீப்பற்றி வெடிக்கும். முதலில் கோபால்ட்டை ரெசினில் விட்டு நன்றாகக் கலக்க வேண்டும். அதன் பின்னரே கேட்டலிஸ்டைச் சேர்த்துக் கலக்க வேண்டும். ஒவ்வொன்றும் ரெசினின் எடையில் நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு போதும். ஊசிமருந்துக் குழாயினால் இரண்டையும் அளக்கலாம். ஆனால் ஒரே குழாயை இரண்டுக்கும் பயன்படுத்தலாகாது. கேட்டலிஸ்டு ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வை போய்விடக்கூடும். மூக்குக்கண்ணாடி அணிகிறவர்களும் அதன்மேல் பக்கம் மூடிய காப்புக் கண்ணாடி அணியாமல் புட்டியைத் திறக்கலாகாது. தவறித் தெறித்துவிட்டால் உடனே ஓடும் நீரில் 15 நிமிடமேனும் கழுவிவிட்டு மருத்துவரிடம் விரைய வேண்டும்.

தேய்க்கும்போது எழும் தூசியும் பொல்லாதது. கண்ணாடித் துகள் தோலில் பட்டால் அரிப்பு. நெஞ்சுக்குள் சென்றால் கேடு. 2020-இல் தொடங்கிய பெருந்தொற்றுக் காலத்தில் நாமெல்லாம் அறிந்துகொண்ட என்-95 முகமூடி தூசிக்கு உதவும். ரெசினின் ஆவியை அது தடுக்காது. அதற்குக் கரிவடிப்பான் பொருத்திய முகமூடி வேறு வேண்டும். அடுக்குமாடிக் குடியிருப்பின் தாழ்வாரத்தில் இவ்வேலையைச் செய்ய எண்ணுகிறவர்கள் அவ்வெண்ணத்தைக் கைவிடுவது நலம். அண்டை வீட்டுக் குழந்தைகளும் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள். நாற்புறமும் திறந்த கொட்டகையே இதற்குத் தகுந்த இடம். அருகில் அடுப்போ பீடியோ இருத்தலாகாது.

துளையை அடைப்பது, கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப் போடுவது போன்றதன்று. துளையின் விளிம்பைச் செங்குத்தாக விட்டு ஒட்டினால், ஒட்டும் பரப்பு நூலளவே இருக்கும். ஆகவே விளிம்பைச் சுற்றிலும் சரிவாகத் தேய்க்க வேண்டும். ஓட்டின் கனத்தைப்போல் 12 மடங்கு அகலத்துக்குச் சரிவு இருத்தல் வேண்டும் என்பது தொழிலறிந்தோர் விதி. எங்கள் ஓடு அவ்விடத்தில் 3 மில்லிமீட்டர் கனம். ஆகையால் துளையைச் சுற்றி 36 மில்லிமீட்டருக்குச் சரிவு. கையகலத் துளை இதனால் முன்னிலும் பெரிதாகி, பார்ப்பவர் பதறும்படி ஆகிவிடும். பதற வேண்டியதில்லை. பழைய ஓடு முற்றும் இறுகிவிட்டபடியால் புதிய பிசின் அதனோடு வேதியியல் முறையில் கலப்பதில்லை. சொரசொரப்பான பரப்பைப் பற்றிக்கொண்டே நிற்கிறது. பரப்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு பிடிப்பு.

வெளிப்புறத்தில் மெழுகு பூசிய சன்மைக்காத் தகடு ஒன்றைத் துளைக்கு மேல் இறுக ஒட்டிவிட்டு, உட்புறத்திலிருந்து வேலை செய்தோம். முதலில் அத்தகட்டின்மேல் ஜெல்கோட் என்னும் நிறமேற்றிய பிசினைப் பூசினோம். படகின் மேனியாக வெளியே தெரிவது அதுதான். அது சற்றே பிசுபிசுப்பாக இறுகியதும், மேட் எனப்படும் இழைப்பாயைத் துண்டுகளாக வெட்டி, சிறியது முதல் பெரியது வரை ஒன்றன்மேல் ஒன்றாகப் பதித்தோம். சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு இறுகினால் ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனம் வரும். எனவே மூன்று அடுக்கு. மேட்டின் எடையைப்போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு ரெசின் போதும். தூரிகையால் தேய்த்து இழுக்கக்கூடாது, குத்திக் குத்திப் பதிக்க வேண்டும். வெண்மையாய்த் தெரியும் மேட், பிசின் ஊறியதும் கண்ணாடிபோல் தெளியும். எங்கேனும் வெண்புள்ளி எஞ்சினால் அங்கே காற்று சிக்கியிருக்கிறது என்று பொருள். உருளையால் அதை வெளியேற்றிவிட வேண்டும்.

இவ்விடத்தில் எனக்கும் தாதாவுக்கும் கருத்து வேறுபாடு எழுந்தது. “ஆறு அடுக்கு போடு, அண்ணா. யானை ஏறினாலும் அசையாது” என்பது அவர் கட்சி. மீன்பிடி படகுக்கு அது சரி. மணலில் இழுபட்டு, பாரம் சுமந்து, ஆண்டு முழுவதும் உழைப்பது அது. 94 கிலோ எடையுள்ள பாய்ப்படகில் ஓரிடத்தை மட்டும் கல்லாக்கிவிட்டால், அலையில் ஓடு வளையும்போது கல்லான பகுதி வளையாது. அதன் ஓரத்திலே புது விரிசல் பிறக்கும். நான் மூன்றடுக்கும், அதன்மேல் அகலமாக இன்னோர் அடுக்கும் இட்டேன். தாதா தலையை ஆட்டினார். அது சம்மதமா அன்றா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

வெப்பத்தையும் கவனிக்க வேண்டும். கலந்த ரெசின் 30 பாகை வெப்பத்தில் கால்மணி, இருபது நிமிடத்துக்குள் பாகுபோல் திரண்டுவிடும். ஆதலால் நூறு நூறு கிராமாகவே கலக்க வேண்டும். ஆழமான பாத்திரத்தில் ஒரேயடியாகக் கலந்தால் தன் வெப்பத்தாலேயே புகையும். மழைக்காலத்திலோ வேலையே ஆகாது. ஈரம் ஏறிய இழையில் பிசின் ஒட்டாது. மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை படகுக்கு மேல் தார்ப்பாயைக் கட்டிவிட்டு வீட்டில் இருப்பதே அறிவுடைமை. எங்கள் வேலை பதினான்கு மாதம் நீண்டதில் நான்கு மாதம் இவ்வாறு சென்றது. அந்நாட்களில் சுக்கானையும் நடுப்பலகையையும் வீட்டுக்குக் கொண்டுவந்து இழைத்து வார்னிஷ் பூசினோம். என் மனைவி அதற்கு மட்டும் இசைந்தார்.

பாய்மரத்தின் அடித்தளத்தைத் திறந்தபோது, உள்ளே இருந்த மரக்கட்டை தேயிலைத்தூள்போல் கையோடு வந்தது. பழைய திருகாணித் துளைகளின் வழியே நீர் இறங்கி இறங்கி உளுக்க வைத்திருக்கிறது. புதிய தேக்குக் கட்டையை அளந்து வைத்து, அதன் ஆறு முகங்களிலும் எபாக்சி பூசி அமைத்தோம். மரத்தையும் கண்ணாடியிழையையும் இணைக்க எபாக்சி பிசினே மேலானது. ஆனால் சாதாரண மேட் எபாக்சிக்கு ஒத்துவராது. மேட்டிலுள்ள இழைகளைப் பிணைக்கும் பசை, பாலியெஸ்டரில் உள்ள ஸ்டைரினில்தான் கரையும். எபாக்சியோடு நெய்த கண்ணாடித் துணியையே பயன்படுத்த வேண்டும். அன்றியும் எபாக்சியின்மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் சரியாகப் பிடிப்பதில்லை. ஆகவே வெளிமேனியில் பாலியெஸ்டர், உள்ளே மரம் சேரும் இடங்களில் எபாக்சி என்று வகுத்துக்கொண்டோம். நடுப்பலகைக் கூட்டின் ஓரத்தையும் அவ்வாறே தேய்த்துத் துணியிட்டு அடைத்தோம். அதைப்பற்றி விரித்துச் சொல்ல ஒன்றுமில்லை. முதுகு வலித்தது, அவ்வளவே.

இனி மிதவைக்கு வருவோம். கண்ணாடியிழைப் படகு தானாகவே மிதக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். மரம் மிதக்கும், கண்ணாடியிழை மூழ்கும். அதன் அடர்த்தி நீரைப்போல் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. 94 கிலோ எடையுள்ள ஓடு கவிழ்ந்து நீர் நிரம்பினால், தன் பருமனுக்குரிய சுமார் 63 லிட்டர் நீரையே விலக்கும். எஞ்சிய 31 கிலோ அடியை நோக்கி இழுக்கும். அதன்மேல் ஆட்களின் பாரம். இதற்காகவே பக்கவாட்டு இருக்கைகளுக்குக் கீழும் அணியத்திலும் காற்றறைகள் வைத்திருக்கிறார்கள். எங்கள் படகில் இவ்வறைகளின் மூடிகள் வெடித்து, உள்ளிருந்த நுரைக்கட்டிகள் நீரூறிக் கருங்கல்லாகியிருந்தன. அவற்றை வெளியே எடுத்தபோது, பழுதென்று எவரும் எண்ணாத இடத்தில் படகு எவ்வளவு பாரத்தைச் சுமந்து வந்தது என்பது தெரிந்தது.

புதிய நுரைக்கட்டி அறையின் வாய்க்குள் நுழையாது. ஆகையால் எளிய வழி ஒன்றைக் கையாண்டோம். இரண்டு லிட்டர் குளிர்பானப் புட்டிகளை வெறுமையாக்கி, உலர்த்தி, மூடியைப் பசையிட்டு இறுக்கி, ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கினோம். ஒரு லிட்டர் காற்று ஏறக்குறைய ஒரு கிலோவைத் தாங்கும். இருவர் பாரம் 110 கிலோ, ஓட்டின் எச்சம் 31 கிலோ, பாய்மரம் முதலியவற்றுக்கு ஒரு 20 கிலோ. ஆக 160 கிலோவுக்குச் சற்று மேல். நாங்கள் 100 புட்டிகள் வைத்தோம், 200 லிட்டர். மூடி கசிந்து அறை முழுதும் நீர் புகுந்தாலும் புட்டிகள் கைவிடா. திருமண மண்டபமொன்றில் பணிபுரியும் தமிழன்பர் ஒருவர் இவற்றைச் சேர்த்துக் கொடுத்தார். “எதுக்கு சார் இத்தனை பாட்டில்?” என்று கேட்டவர், காரணத்தைச் சொன்னதும் ஒரு ஞாயிறு தாமே வந்து அடுக்கியும் கொடுத்தார்.

சோதனைக்குச் சிற்றோத நாளாகத் தேர்ந்தெடுத்தோம். பன்வேல் கழிமுகத்தில் பேரோத நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே நான்கு மீட்டருக்கு மேலும் வேறுபாடு உண்டு. நீரோட்டமும் கடுமையாக இருக்கும். ஏற்றம் நின்ற நேரத்தில், துறையருகே இடுப்பளவு நீரில் படகைக் கயிற்றால் கட்டி நிறுத்தினோம். மகளும் நானும் மிதப்புச் சட்டை அணிந்து உள்ளே அமர்ந்தோம். தாதாவும் அவர் பேரனும் வாளியால் நீரை அள்ளி ஊற்றத் தொடங்கினார்கள். கணுக்கால், முழங்கால், இருக்கையின் விளிம்பு என்று நீர் ஏறிற்று. பேரன் உற்சாகத்தோடு ஊற்றினான். தாதா ஊற்றுவதை நிறுத்திவிட்டுப் படகின் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தார். இருக்கை மட்டத்துக்கு வந்ததும் படகு கீழிறங்குவது நின்றது. விளிம்புக்கும் வெளிநீருக்கும் இடையே ஒரு சாண் எஞ்சியிருந்தது. நாங்கள் இருவரும் ஒரே பக்கம் நகர்ந்து அமர்ந்தோம். சாய்ந்தது, நீர் சரிந்து ஓடிற்று, ஆனால் புரளவில்லை. மறுபக்கமும் அவ்வாறே. அரைமணி நேரம் அப்படியே இருந்தோம். மகளுக்குக் குளிரெடுத்தது; எழுந்திருக்க மறுத்துவிட்டாள்.

கரையேற்றி அறைகளைத் திறந்தபோது வலப்பக்க அறையும் அணியத்து அறையும் உலர்ந்திருந்தன. இடப்பக்க அறையில் இரண்டு தம்ளர் நீர் நின்றது. துணியால் துடைத்து, உட்புறம் விளக்கை வைத்து இருட்டில் தேடியதில், கயிறு பூட்டும் கொக்கி ஒன்றின் திருகாணித் துளை மின்மினிபோல் ஒளிர்ந்தது. திருகாணியைக் கழற்றி, துளையை எபாக்சியால் நிரப்பி, மறுபடி துளையிட்டு, கடற்காரை தடவிப் பூட்டினோம். அடுத்த சிற்றோதத்தில் மீண்டும் நிரப்பிப் பார்த்தோம். மூன்றறைகளும் உலர்ந்திருந்தன.

இதன் பிறகுதான் மேனியைத் தொட்டோம். வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு படிந்ததுபோல் இருந்த ஜெல்கோட்டை 400, 800, 1200 எண் நீர்த்தாள்களால் வரிசையாகத் தேய்த்து மெழுகிட்டதும், அடியிலிருந்து பழைய வெண்மை எழுந்தது. ஆதலால் வண்ணமே பூசவில்லை. ஒட்டுப்போட்ட இடம் சற்று வேறு வெண்மையாகத் தெரிகிறது. அது தெரியட்டும் என்று விட்டிருக்கிறோம். அடுத்து வாங்குகிறவருக்குத் தட்டிப் பார்க்காமலே தெரியும்.

பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளில் இரண்டு, முனையில் இழைவிட்டிருக்கின்றன; அவற்றை மாற்ற வேண்டும். நீலப்பாயில் தையல் பிரிந்த இடங்களைத் தைக்க, படகுக் கித்தான் தைக்கும் ஒருவரை செம்பூரில் கண்டுபிடித்திருக்கிறோம். மழை தொடங்கிவிட்டபடியால் படகு இப்போது கொட்டகையில் குப்புறக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கிறது. கரையோரக் காவலரிடமும் துறைமுக அலுவலரிடமும் எந்த எல்லைக்குள் பாய்விரிக்கலாம் என்று கேட்டு எழுதியிருக்கிறேன். விடை வந்ததும், அக்டோபரில் வானம் வெளுத்த முதல் சிற்றோத நாளில் மகள் சுக்கானைப் பிடிப்பாள். முன்பாயின் கயிறு என் கையில் இருக்கும்.